தாய்மாமன்கள் வைத்த கச்சேரி

நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் அசந்து தூங்குகிற ஆசாமிகூட வாஞ்சூர் வந்ததும் கண் விழித்துவிடுவார். அங்கே தமிழ்நாடு முடிகிறது, புதுச்சேரி அரசு தொடங்குகிறது, பாட்டில் விலை இறங்குகிறது. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி ஏறுகிறது, வண்டி நம்பர்கள் பி.ஒய். என்று ஆரம்பிக்கின்றன. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, நடுநடுவே ஆங்கிலேயரிடம் பறிபோய், மறுபடி திரும்பி, 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவோடு சேர்ந்த ஊர் காரைக்கால். சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல், நடுவில் இது.

இந்த ஊர்ச் சரித்திரம் என்றால் உடனே துய்ப்ளேக்ஸ், கப்பல், கோட்டை என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் நேற்றைய சமாசாரம். காரைக்காலின் அசல் சண்டை அதற்கு ஆயிரத்து நூறு வருஷம் முந்தியது. பீரங்கி கிடையாது, குதிரை கிடையாது. ஒரு பாடகர், ஒரு பக்கவாத்தியக்காரர், பக்கவாத்தியக்காரரின் அம்மா வழிச் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர். இவ்வளவுதான் படை.

அதற்கு முன்னால் மூத்தவரை வணங்கிவிட வேண்டும். சங்கீத உலகத்தில் சீனியாரிட்டி தவறினால் பொல்லாப்பு.

காரைக்கால் மண் கொடுத்த முதல் இசைக்காரர் ஒரு வணிகர் வீட்டுப் பெண். பெயர் புனிதவதி. அப்பா தனதத்தன், கணவன் பரமதத்தன், நாகப்பட்டினத்து வணிகன் மகன். பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் வீட்டுக்கு அனுப்பினான். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி ஒன்றைக் கொடுத்துவிட்டார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த கணவன் மிச்சமிருந்த ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்று எங்கே என்றான். அவர் உள்ளே போய் வேண்டிக்கொள்ள, கையில் ஒரு பழம் வந்து விழுந்தது. அந்தப் பழத்தின் ருசி வேறு மாதிரி இருந்ததால் கேள்வி எழுந்தது. உண்மையைச் சொன்னதும், எங்கே இன்னொன்று வரவழை பார்ப்போம் என்றான். வந்தது. அவன் கையில் வைத்ததும் மறைந்தது. பரமதத்தன் கப்பல் ஏறிவிட்டான். மனைவியின் கைமணத்தில் தெய்வீகம் இருந்தால் புருஷனுக்குப் பிடிக்கும். தெய்வமே நேரடியாகச் சமையலறைக்குச் சரக்கு அனுப்பினால் பயந்துவிடுவான். பாண்டிய நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்தான். உறவினர்கள் பழைய மனைவியைப் பல்லக்கில் கொண்டுவந்து நிறுத்தினால், புது மனைவி, குழந்தை சகிதம் அவர் காலில் விழுந்தான். அம்மையார் பார்த்தார். இந்த உடம்பு இவனுக்காகத்தானே, இனி எதற்கு என்று பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டு, தலையால் நடந்து கயிலைக்குப் போனார்.

மாம்பழக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனி மாதம் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கும்போது, பிச்சாண்டவர் ஊர்வலத்தில் மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் எறியப்படும் பழம் நெற்றியில் பட்டவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் பாட்டுக்காரர் என்பதுதான் மாம்பழத்தில் மறைந்துபோயிற்று. திருவாலங்காட்டின் மேல் அவர் பாடிய இரண்டு பதிகங்களுக்கும் பண் உண்டு: ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். தேவாரம் பாடிய மூவருக்கும் முன்னாலேயே பதிகம் என்கிற உருப்படியை மெட்டோடு செய்து வைத்துவிட்டுப் போனவர் இவர்தான். அதனால்தான் அவற்றுக்கு மூத்த திருப்பதிகம் என்றே பெயர். அதில் ஏழு சுரங்களுக்கும் பழந்தமிழ்ப் பெயர் சொல்லி, கொக்கரை, தக்கை, குடமுழா, மொந்தை என்று வாத்தியங்களை வரிசையாக அடுக்குகிறார். அரங்கம் சுடுகாடு, ஆடுகிறவர் சிவன், ரசிகர்கள் பேய்கள். இதைவிட நல்ல சபை கிடையாது. தனி ஆவர்த்தனத்தின்போது யாரும் எழுந்து கேன்டீனுக்குப் போகமாட்டார்கள்.

1973-ல் ஏ.பி. நாகராஜன் இவரைச் சினிமாவாக எடுத்தபோது, குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் அம்மையாராகப் பாடி நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். தன் உடம்பை எலும்பும் நரம்புமாக, கேட்பவர் அலறும்படி அம்மையார் வர்ணித்திருந்தார். சினிமாக்காரர்கள் அந்த ஒரு பகுதியை மட்டும் கண்டுகொள்ளவில்லை. குரலுக்காகத்தான் கூப்பிட்டார்கள், குரல் வந்தது, போதும்.

இனி கதாநாயகர். சீர்காழியில் மூன்று வயதில் முதல் பதிகம் பாடியவர் திருஞானசம்பந்தர். மறுநாளே டூர் கிளம்பிவிட்டார், அப்பா சிவபாத இருதயரின் தோளில். திருக்கோலக்காவில் குழந்தை கையைத் தட்டித் தட்டித் தாளம் போடுவதைப் பார்த்துப் பொறுக்காமல் இறைவன் தங்கத் தாளம் கொடுத்தார். தங்கத்தில் தாளம் செய்தால் சத்தம் வராது என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அம்பிகைக்கும் தெரிந்திருந்தது, அதற்கு ஓசை கொடுத்து, ஓசை நாயகி என்று பெயர் வாங்கிக்கொண்டாள். பிறகு நெல்வாயில் அரத்துறையில் முத்துச் சிவிகை, முத்துக்குடை, ஊத முத்துச் சின்னம். அதன்பின் அவர் ஓர் ஊருக்கு வருவதற்கு முன்னால் சின்னம் ஊதிக்கொண்டு அவருடைய பட்டப்பெயர்கள் வரும். பதினாறு வயதுக்குள் சோழ நாடு, பாண்டிய நாடு, தொண்டை நாடு எல்லாம் முடித்தாயிற்று. கூடவே சம்பந்த சரணாலயர் என்று ஒருவர், பாடப் பாட ஓலையில் எழுதிக்கொள்வதற்கு.

இப்பேர்ப்பட்டவர் ஊர் எல்லையிலேயே நின்றது திருவாலங்காட்டில். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிப்பதா என்று தயங்கி, பக்கத்து ஊரில் தங்கிவிட்டார். ராத்திரி சிவபெருமானே கனவில் வந்து, என்னைப் பாட மறந்துவிட்டாயா என்று கேட்க வேண்டியதாயிற்று. கச்சேரி கேட்டு வித்வான் வீட்டுக்கு சபாக் காரியதரிசி வருவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே கனவில் வந்தது சபாவின் சொந்தக்காரர். மூத்த வித்வாம்சினிக்கு இளைய வித்வான் கொடுத்த மரியாதையில் இதற்கு மேல் ஒன்று சொல்ல என்னிடம் இல்லை.

பக்கவாத்தியம் விஷயத்துக்கு வருவோம்.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் விருத்தாசலம் பக்கத்துத் திருஎருக்கத்தம்புலியூர்க்காரர். இன்றைக்கு அந்த ஊருக்கு ராஜேந்திரப்பட்டினம் என்று பெயர். மனைவி மதங்கசூளாமணியார், அவரும் நல்ல பாடகி. சம்பந்தரைச் சந்திப்பதற்கு முன்னாலேயே பாணருக்குத் தனிப் பேர் இருந்தது. மதுரைக் கோயிலில் அவர் வாசித்தபோது, ஈரத்தரை பட்டால் யாழின் நரம்பு தளர்ந்துவிடும், பொற்பலகை போடுங்கள் என்று இறைவனே உத்தரவிட்டதாகச் சேக்கிழார் எழுதுகிறார். சுருதி இறங்குமே என்று கவலைப்பட்ட முதல் கச்சேரி அமைப்பாளர் சொக்கநாதர்தான். இன்றுவரை அவருக்கு வாரிசு வரவில்லை.

திருவாரூரில் பாணர் வாசலுக்கு வெளியே நின்று வாசித்தார். பாணர் குலத்தில் பிறந்தவருக்கு நிற்கிற இடம் அதுதான். அதைக் கேட்டு உருகிய தியாகேசர், அவர் உள்ளே வருவதற்கு வடக்குப் பக்கம் தனியாக ஒரு வாயில் வகுத்துக் கொடுத்தார். ஏற்கெனவே இருக்கிற வாசல் வழியாகவே வரச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிற ஆள் நான். கல் தச்சருக்கு வேலை கொடுப்பது ஊர்க்காரர்களோடு வாதாடுவதைவிடச் சுலபம் என்று தியாகேசரே நினைத்திருக்கிறார் போல.

இந்தப் பாணர் சீர்காழிக்கு வந்து, சம்பந்தரின் பாட்டைக் கேட்டு, அதை யாழில் இசைத்து, இனி உங்களோடேயே வருகிறேன் என்று சேர்ந்துகொண்டார். பாணர் வயதில் எவ்வளவோ பெரியவர், குடும்பஸ்தர், மதுரையில் பலகை வாங்கியவர். முன்னால் சிவிகையில் போவது பால் மணம் மாறாத பிள்ளை. பின்னால் யாழைத் தூக்கிக்கொண்டு இவர். இப்படி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு குறையும் இல்லை. சம்பந்தர் பாடுவார், பாணர் வாசிப்பார், ஜனங்கள் உருகுவார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்குச் சொந்தக்காரர்கள் வேண்டுமே, அவர்கள் தருமபுரத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

தருமபுரம் என்றதும் மயிலாடுதுறைக்கு டிக்கெட் எடுத்துவிடக் கூடாது. அது ஆதீனம் இருக்கிற தருமபுரம். இது காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகிற வழியில், ஊரை ஒட்டியே இருக்கிற தருமபுரம். எமதருமன் வந்து பூஜை செய்த தலம் என்பது கோயில் கதை. பாணருக்கு அது அம்மா பிறந்த ஊர். அம்மா ஊர் என்றால் என்னவென்று டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மாமன் வீட்டில் சாப்பாடு பலமாக இருக்கும். பேச்சு அதைவிடப் பலமாக இருக்கும்.

பெரிய புராணம் சுற்றத்தார் என்று மட்டும் சொல்லி நாசூக்காக நகர்ந்துவிடுகிறது. அம்மாவின் ஊரில் சுற்றத்தார் யார்? தாய்மாமன்கள்தான். காட்சியை நான் இப்படித்தான் பார்க்கிறேன். சாப்பாடு ஆயிற்று, வெற்றிலைத் தட்டு வந்தது. பெரிய மாமன் திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டார்.

“மாப்ளே, ஊரெல்லாம் அந்தப் புள்ளையத்தான் புகழுறான். எங்களுக்குத் தெரியாதா? பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒன் யாழு இல்லேன்னா அது எங்க நிக்கும்?”

“அதெல்லாம் இல்ல மாமா.”

“என்ன இல்ல? நீ கூட வாசிக்கறதாலதானய்யா அது இவ்வளவு தூரம் பரவுச்சு. தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கு.”

சின்ன மாமன் அதற்குத் தலையாட்டியிருப்பார். சின்ன மாமன்களுக்கு வேறு வேலை கிடையாது.

திண்ணைப் பேச்சை என் கற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சாரம் பெரிய புராணத்தில் உள்ளதுதான்: யாழில் இவர் இசைத்ததால்தான் பதிகங்களின் இசை எங்கும் பரவிற்று என்று உறவினர்கள் சொன்னார்கள், பாணர் நடுங்கிப் போனார். வேறு பக்கவாத்தியக்காரராக இருந்தால் உள்ளுக்குள் இனித்திருக்கும். வெளியே சும்மா இருங்கள் மாமா என்று சொல்லிவிட்டு, அடுத்த கச்சேரிக்குச் சம்பாவனையை ஏற்றிக் கேட்டிருப்பார். பாணர் நேராகச் சம்பந்தரிடம் போய் நடந்ததைச் சொன்னார். யாழில் அடங்காதபடி ஒரு பதிகம் பாடுங்கள், இவர்களும் உலகமும் தெரிந்துகொள்ளட்டும் என்று கேட்டார்.

உலக இசைச் சரித்திரத்தில் தன்னைத் தோற்கடிக்கச் சொல்லித் தானே மனுப் போட்ட வித்வான் வேறு யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. இன்றைக்கு மேடையில் பாடகர் வேண்டுமென்றே ஒரு குறுக்கு வழிக் கணக்குப் போட்டு மிருதங்கத்தைத் திணறடித்தால், மூன்று மாதத்துக்கு அந்த இருவரும் ஒரே காரில் போகமாட்டார்கள்.

சம்பந்தர் பாடினார். முதல் திருமுறையின் 136 பதிகங்களில் கடைசியாக இருப்பது இதுதான். பாணர் எப்போதும்போல் யாழைத் தூக்கி வைத்து வாசிக்க ஆரம்பித்தார். அகப்படவில்லை. இன்னொரு முறை முயன்றார். நரம்பில் அது அடங்கவில்லை.

ஏன் அடங்கவில்லை? பக்தர்கள் இறைவன் மகிமை என்பார்கள். நான் யாழின் உடம்பைக் கொஞ்சம் பார்க்கச் சொல்வேன். வீணையில் மெட்டு உண்டு. அதன்மேல் தந்தியை இழுத்துப் பிடித்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம். யாழ் அப்படி இல்லை. வில் மாதிரி வளைந்த கோட்டில் வரிசையாக நரம்புகள் கட்டியிருக்கும், நரம்புக்கு ஒரு சுரம். கட்டிய சுரம் ஒலிக்கும், கட்டாத சுரம் ஒலிக்காது. தொண்டை இரண்டு சுரங்களுக்கு நடுவில் இருக்கிற சந்து பொந்தெல்லாம் புகுந்து புறப்படும். சம்பந்தர் அந்தச் சந்துகளுக்குள் போயிருக்க வேண்டும், அல்லது நடுவில் பண்ணையே மாற்றியிருக்க வேண்டும். பாணர் கட்டி வைத்த நரம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தொண்டைக்கும் யாழுக்கும் நடந்த போட்டியில் தொண்டை ஜெயித்தது என்று சொல்வது, படகுக்கும் மாட்டுவண்டிக்கும் அரசலாற்றில் பந்தயம் வைத்துப் படகு ஜெயித்தது என்று பறை சாற்றுகிற மாதிரி. பந்தய மைதானத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாணர் கேட்டிருக்கலாம். அவர் கேட்கிற ஜாதி இல்லை. இந்தக் கருவியைத் தொட்டதால்தானே இந்தப் பேச்சைக் கேட்க நேர்ந்தது என்று யாழை ஓங்கிவிட்டார், உடைப்பதற்கு. மேடையில் கிட்டாரைப் போட்டு உடைக்கும் வழக்கத்தை மேல்நாட்டு ராக் பாடகர்கள் 1960-களில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் உடைத்தது கைத்தட்டலுக்கு. காரைக்காலில் பதின்மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் ஓங்கியது வெட்கத்துக்கு.

சம்பந்தர் யாழைப் பிடுங்கி வாங்கிக்கொண்டார். சிவசக்தியின் புகழ் எந்தக் கருவியில்தான் முழுசாக அடங்கும், மனசுக்குள்ளேயே அடங்காதே, முடிந்த மட்டும் வாசியுங்கள், உடைப்பது எதற்கு என்கிற அர்த்தத்தில் சமாதானம் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சிறு பிள்ளை பெரியவருக்குச் சொன்ன ஆறுதல். இந்த இடத்தில் மட்டும் நான் பரிகாசத்தைக் கீழே வைத்துவிடுகிறேன், சம்பந்தர் நன்றாகவே நடந்துகொண்டார். யாழ் உடையவில்லை.

மாமன்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று சேக்கிழார் எழுதவில்லை. இந்த மாதிரி நேரத்தில் மாமன்கள் எங்கே இருப்பார்களோ அங்கே இருந்திருப்பார்கள்.

சேக்கிழாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்கன் காலம், சோழ அரசில் பெரிய மந்திரி உத்தியோகம். நடுவில் ஐந்நூறு வருஷம். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கச்சேரிக்கு அரசாங்கத்து ஆள் எழுதிய விமரிசனத்தைத்தான் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். விமரிசகர் பாடகர் பக்கம். பெரும்பாலான விமரிசகர்கள் இன்றும் அப்படித்தான். முக்கால் பத்தி பாடகருக்கு, கடைசி வரியில் பக்கவாத்தியம் அனுசரணையாக இருந்தது.

இருந்தாலும் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்த்தால் எனக்கு வேறு விடை வருகிறது. அந்தப் பதிகத்தின் பண்ணுக்கு யாழ்முரி என்று பெயர். தருமபுரத்துச் சாமிக்கு யாழ்முரிநாதர் என்று பெயர். ஜெயித்த தொண்டையின் பெயரைச் சாமிக்கு வைக்கவில்லை. தோற்ற வாத்தியத்தின் பெயரை வைத்தார்கள், அதுவும் கடைசிவரை முரியாத யாழுக்கு முரிந்ததாகப் பட்டம் கட்டி. பாடகர்கள் இதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

காரைக்கால் வட்டாரத்தில் சம்பந்தர் பரிவாரம் செய்த மற்ற காரியங்களையும் பார்த்தால், பாணருக்கு நடந்தது எவ்வளவு மென்மையானது என்று புரியும். திருநள்ளாற்றின் மேல் பாடிய ஒரு பதிகத்தின் ஏட்டை மதுரையில் சமணரோடு நடந்த வாதத்தில் நெருப்பில் போட்டார்கள். அது பச்சையாக வெளியே வந்தது. பச்சைப் பதிகம் என்றே அதற்குப் பெயர். இசை உலகில் நெருப்பில் போட்டும் வேகாத ஒரே பாட்டு ஏடு என்று அதைச் சொல்லலாம். இன்றைக்கு அந்த ஊருக்குப் போகிறவர்கள் பாட்டை நினைப்பதில்லை, சனியை நினைத்துப் போய் நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

இன்னொன்று, கோயில்பத்து என்று இப்போது சொல்கிற திருத்தெளிச்சேரியைக் கும்பிட்டுவிட்டுப் போகிற வழியில் நடந்தது. போதிமங்கை என்ற பௌத்தர் ஊர். முன்னால் போனவர்கள் வழக்கம்போல் சின்னம் ஊதினார்கள், பரசமயங்களுக்குச் சிங்கம் வருகிறது என்று. ஊருக்குள் இப்படிச் சத்தம் போடலாமா, வாதில் ஜெயித்துவிட்டு அப்புறம் ஊதுங்கள் என்று புத்தநந்தி என்பவர் மறித்தார். ஒலிபெருக்கித் தொந்தரவு பற்றித் தமிழகத்தில் பதிவான முதல் புகார் இதுதான் என்று நினைக்கிறேன். புகார் கொடுத்தவர் தலையில் இடி விழுந்தது. உவமையாகச் சொல்லவில்லை, ஓலை எழுதுகிற சம்பந்த சரணாலயர் ஒரு பாட்டைப் படித்தார், இடி விழுந்து புத்தநந்தியின் தலை உருண்டது என்கிறது புராணம். அன்றிலிருந்து நம் பக்கத்தில் கோயில் ஒலிபெருக்கி மேல் யாரும் துணிந்து புகார் கொடுப்பதில்லை. எழுத்தரிடமே இவ்வளவு சக்தி இருந்தபோது, யாழ்காரர் நரம்பு தளர்ந்ததோடு தப்பித்தார்.

அவருக்கு வேறு தொல்லைகள் இருந்தன. பக்கத்துத் திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்ற அந்தணர் வீட்டில் தங்கல். பாணருக்கும் அவர் மனைவிக்கும் ராத்திரி படுக்க இடம் கொடுங்கள் என்று சம்பந்தரே வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. நீலநக்கர் தயங்கவில்லை. வீட்டின் நடுவில் வேள்வி வேதிகைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். வேதிகையில் இருந்த தீ வலமாகச் சுழித்து ஓங்கி எரிந்தது, ஆசீர்வாதமாக. நல்ல மனிதர் நீலநக்கர், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வித்வானுக்கு அறை ஒதுக்குவதற்கு அக்கினி பகவான் நேரில் வந்து ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்த காலம் அது.

கடைசியில் நல்லூர்ப்பெருமணத்தில் சம்பந்தருக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் ஜோதியில் கலந்தார்கள். நீலநக்கர் உண்டு, பாணர் உண்டு, மதங்கசூளாமணியார் உண்டு. யாழும் ஏறக்குறைய அவர்களோடேயே போயிற்று. தமிழ்நாட்டில் வீணை வந்து உட்கார்ந்துகொண்டது. ராஜராஜன் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட வைத்த ஆட்களின் பட்டியல் கல்வெட்டில் இருக்கிறது. பாடுகிறவர்கள் 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக 50. ஆளுக்குத் தினம் முக்குறுணி நெல். யாழுக்கு ஓர் ஆள்கூட இல்லை. 48 தொண்டைக்கு இரண்டு பக்கவாத்தியம் என்ற கணக்கைப் பார்த்தால், தருமபுரத்துத் தீர்ப்பைச் சோழ அரசாங்கம் நூறு சதவிகிதம் அமல்படுத்தியிருக்கிறது.

ஆனால் அந்த 48 பேரும் எந்த மெட்டில் பாடினார்கள்? இதில்தான் விஷயம் இருக்கிறது. திருமுறை கண்ட புராணம் சொல்கிறபடி, தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்தன. எழுதிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தீட்சிதர்கள். ராஜா மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளப் பண்ணிக் கொண்டுவந்து நிறுத்தினார். கதவு திறந்தது. பெரும்பகுதியைக் கறையான் தின்று தீர்த்திருந்தது. மிச்சத்தை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். சாகித்தியம் கிடைத்துவிட்டது, பண் தெரியவில்லை. சம்பந்தரின் குரலை யார் கேட்டார்கள்? ஓலையில் சொல் இருக்கிறது, சுரம் இல்லை.

அப்போது அசரீரி வழி காட்டியது, திருஎருக்கத்தம்புலியூருக்குப் போங்கள் என்று. அங்கே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் இருந்தார். அவர்தான் பண்களை வகுத்துக் கொடுத்தார். அவர் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று புராணத்துக்குத் தோன்றவில்லை. பாட்டின் இசை உலகத்தில் நிற்பது இவன் யாழால்தான் என்று மாமன் திண்ணையில் சொன்னாரே, அந்த அதிகப்பிரசங்கித்தனம் நானூறு வருஷத்துக்குள் ஏறக்குறைய உண்மையாகிப் போனது. இதைத் தருமபுரத்தில் யாராவது போய்ச் சொன்னார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

முன்வரிசைக்கும் பக்கவரிசைக்கும் நடக்கிற இந்த இழுபறி அதற்கப்புறமும் ஓயவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்துக்குத் துணையாக இருந்த ஒத்தை அனுப்பிவிட்டுத் தம்புராவை உட்கார வைத்தார். தம்புராவுக்கு மாமன் வீட்டு ஆதரவு கிடையாது என்று தெரிந்திருக்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர் என்பதால் மேடையில் உட்காரும் இடம் மாறுகிறது என்று வயலின்காரர்கள் முகம் சுளித்தபோது, செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்காக நின்றார். பாலக்காடு மணி ஐயரோ மைக் வைத்தால் மிருதங்கம் வாசிக்கமாட்டேன் என்றே சொல்லிவிட்டார். யாழைத் திணறடித்த பாடகருக்குப் பதிமூன்று நூற்றாண்டு கழித்து ஒரு மிருதங்கக்காரர் மைக்கைப் பிடுங்கிப் பழி தீர்த்ததாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

யாழுக்கு விமோசனம் காரைக்காலில் கிடைக்கவில்லை, காரைதீவிலிருந்து வந்தது. இலங்கையில் மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் 1892-ல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி, கணக்குப் புலி, ராமகிருஷ்ண மிஷன் துறவி. எங்கேயும் கண்ணால் பார்க்க முடியாத ஒரு வாத்தியத்தைச் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு, நரம்பு நரம்பாகக் கணக்குப் போட்டுத் திரும்பவும் கட்டினார். யாழ் நூல் என்று பெயர். அதில் தேவாரவியல் என்றே ஒரு பகுதி உண்டு. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அதற்கு அரங்கேற்றம். ஆற்றில் வெள்ளம் வந்து ஓடக்காரர்கள் ஓடிப்போன சமயத்தில், சம்பந்தர் பாட்டையே துடுப்பாக்கி ஓடம் விட்டதாகச் சொல்லும் ஊர் அது. அவருடைய சொந்த மைதானத்திலேயே யாழை மறுபடி ஏற்றி வாசிக்க வைத்தார்கள். அடுத்த மாதமே விபுலாநந்தர் காலமானார்.

தருமபுரத்துப் பதிகத்தை இப்போது அடாணா ராகத்தில் பாடுகிறார்கள். பக்கத்தில் வயலின். மெட்டு கிடையாது, கட்டிய நரம்புக் கணக்கு கிடையாது. தொண்டை எந்தச் சந்துக்குள் போனாலும் வில் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. யாரும் திணறுவதில்லை, யாரும் எதையும் ஓங்குவதில்லை. கச்சேரி முடிந்ததும் காரியதரிசி மேடைக்குப் பின்னால் வந்து கவர் கொடுக்கிறார். பாடகர் கவரைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். வயலின்காரர் அதன் தடிமனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தன்னுடையதை வாங்கிக்கொள்கிறார்.